வெந்நீர்க் காயமும் ஓ.பி. சீட்டும்: துன்புறுத்தப்படும் குழந்தைக்குச் செவிலியர் என்ன செய்கிறார்

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் ஒற்றை அறை வீடுகள் ஏராளம். அடுப்பு தரையில் இருக்கும், இல்லையென்றால் முழங்கால் உயரத் திட்டில் இருக்கும். குளிக்க வெந்நீர் அங்கேதான் கொதிக்கும், குழந்தையும் அங்கேதான் தவழும். இப்படிப்பட்ட வீடுகளில் வெந்நீர் விபத்து எளிதாக நடந்துவிடும். இரவில் கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வரப்படும் குழந்தையின் தாயைக் குற்றவாளிபோலப் பார்ப்பது அநியாயம். அதே இரவில், அதே கட்டிலில், விபத்தே இல்லாத ஒரு வெந்நீர்க் காயமும் வரலாம். இரண்டையும் முதலில் தொடுபவர் செவிலியர். துணியை நனைத்துப் பிரித்தெடுப்பவர் அவர்தான். காயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மருந்து பூசிக் கட்டுப் போடும் முன் அவர் கண்ணுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

அடுப்பிலிருந்த பாத்திரத்தை எட்டி இழுத்துக்கொண்ட குழந்தைக்கு மோவாய், கழுத்து, தோள், நெஞ்சு என மேலே அகலமாகவும் கீழே வர வரக் குறுகியும் காயம் இருக்கும். இறங்க இறங்க நீர் ஆறிவிடுவதே காரணம். சுற்றிலும் தெறித்த சிறு புள்ளிகளும் இருக்கும். பிடித்து முக்கப்பட்ட குழந்தையின் உடம்பு வேறு கதை சொல்லும். இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், காலுறை போட்டதுபோல ஒரு கோடு ஓடும். தெறிப்பு இருக்காது. குழந்தை வலியில் காலை மடக்கிக்கொள்வதால் முழங்காலின் பின்மடிப்பிலும் தொடை இடுக்கிலும் தோல் தப்பியிருக்கும். பாத்திரத்தின் அடிப்பாகம் நீரைவிடச் சூடு குறைவாக இருந்தால், அதில் அழுத்தி உட்கார வைக்கப்பட்ட குழந்தையின் புட்டத்தின் நடுவே வட்டமாக நல்ல தோல் மிஞ்சியிருக்கும்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் "இது இன்னார் செய்தது" என்று முடிவு கட்டுவது செவிலியரின் வேலை அல்ல. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதும், சொல்ல வேண்டியவரிடம் சொல்வதும், குழந்தையைத் தனியாக விடாமல் இருப்பதும்தான் அவர் வேலை. நிரூபிக்கும் பொறுப்பு தன் தலையில் இருக்கிறது என்று நினைக்கும் செவிலியர், நிச்சயமாகத் தெரியாததால் வாயை மூடிக்கொள்கிறார். அந்த மௌனத்துக்குப் பிறகு குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

முதல் வேலை வலியைக் குறைப்பது

விசாரணைக்கு முன் சிகிச்சை. காயம்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்திருந்தால், ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது. கைக்குழந்தைக்கு உடம்பு முழுதும் குளிர்ந்துவிடாமல் மற்ற பகுதியைப் போர்த்திவிட வேண்டும். இங்க், பற்பசை, இட்லி மாவு பூசி வருவார்கள். அதற்காகக் கூட வந்த பாட்டியைத் திட்டினால், அடுத்துக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வராது. மாவு பூசியது அறியாமை, துன்புறுத்தல் அல்ல. ஆனால் காயம் நேற்று மாலை பட்டது, இன்று இரவுதான் கொண்டு வந்தார்கள் என்றால் அந்தத் தாமதத்தைக் குறிக்க வேண்டும். காரணத்தையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். ஏலத்துக்கு மீன் எடுக்கப் போன தாய் மறுநாள்தான் பார்த்தார் என்பது ஒரு காரணம். "அழுகை நின்னுடுச்சு, அதான் வரல" என்பது வேறு வகை.

பாராசிட்டமால் கொடுப்பதற்கு எடை வேண்டும், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. எடை பார்க்கும் அந்தச் சாக்கில் சட்டையைக் கழற்றி முழு உடம்பையும் பார்த்துவிடலாம். சொல்லப்பட்ட காயத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் வேலை நெருக்கடியில் அடிக்கடி நடக்கும் பிழை. காது மடலின் பின்புறம், தலைமுடிக்குள், வாயைத் திறந்து மேலுதட்டின் உள்பக்கம், உள்ளங்கால், தொடை இடுக்கு ஆகிய ஐந்து இடங்களையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சதை இன்னும் நடக்காத குழந்தைக்குக் கிழிந்திருந்தால், பால்புட்டியையோ கரண்டியையோ பலவந்தமாகத் திணித்திருக்கலாம் என்ற கேள்வி எழ வேண்டும்.

கன்றிப்போன இடங்களுக்கு உலகெங்கும் குழந்தைகள் வார்டில் ஒரு விதி உண்டு. நடக்கும் குழந்தை ஓடி விழுந்தால் முழங்கால், முன்னங்கால், நெற்றி என்று எலும்பு தோலை ஒட்டியிருக்கும் இடங்களில் அடிபடும். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றியிருந்தால் கவனிக்க வேண்டும். தாடைக் கோணம், சதைப்பிடிப்பான கன்னம், கண்ணிமை, கண் வெள்ளையில் இரத்தக் கசிவு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் புரளவே தெரியாத குழந்தை தானாக அடிபட்டுக்கொள்ளாது. பெல்ட் வாரின் இரட்டைக் கோடு, மடித்த மின்கம்பியின் வளைவு, விரல் தடம், கரண்டி முனையின் வடிவம் எல்லாம் தோலில் அப்படியே பதியும். சிகரெட் சூடு சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்தில், ஓரம் தெளிந்த வட்டமாக இருக்கும். கன்றலின் நிறத்தைப் பார்த்து "மூன்று நாள் பழையது" என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். நிறத்தை வைத்து நாள் சொல்வது நம்பத்தக்கதல்ல என்பது தெளிவாகிப் பல காலம் ஆகிறது. நிறத்தை மட்டும் எழுதினால் போதும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. நம் ஊர்க் குழந்தைகளுக்கு இடுப்புக்குக் கீழே, புட்டத்தில், பிறவியிலேயே நீலச் சாம்பல் திட்டு இருப்பது சகஜம். அதைக் கன்றல் என்று எழுதினால் ஒரு குடும்பமே அலைக்கழியும். திட்டு நாள் போனாலும் மாறாது, கன்றல் மாறும். சேராங்கொட்டைச் சாறு பட்ட தோல் தீக்காயம்போலத் தெரியும். கொப்புளச் சொறி உடைந்தால் சிகரெட் சூடு போலிருக்கும். இரத்தம் உறையாத நோய், இரத்தத் தட்டுகள் குறையும் நோய், எலும்பு எளிதில் முறியும் பிறவிக் கோளாறு எல்லாமே துன்புறுத்தல்போலத் தோற்றம் காட்டக்கூடியவை. அதனால்தான் பரிசோதனைகள் இருக்கின்றன. மஞ்சள் காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு போடும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் உண்டு. நோக்கம் கொடுமை அல்ல, ஆனாலும் குழந்தைக்கு அது காயம்தான். அதையும் எழுத வேண்டும், குடும்பத்தோடு பேசும் விதம்தான் மாறும்.

வெளியில் எதுவுமே தெரியாத கேஸ்கள்தான் ஆபத்தானவை. இரண்டு மாதக் குழந்தை, பால் குடிக்கவில்லை, வாந்தி, தூக்கம்போலக் கிடக்கிறது, காய்ச்சல் இல்லை. உச்சிக்குழி புடைத்திருந்தால் கையில் தட்டுப்படும். குழந்தையைப் பிடித்து உலுக்கியதால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம். "பாயிலேர்ந்து புரண்டு விழுந்துச்சு" என்ற விளக்கம் அவ்வளவு பெரிய பாதிப்போடு பொருந்தாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் துன்புறுத்தல் சந்தேகம் வந்தால் உடம்பு முழுவதுக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும், ஏனென்றால் விலா எலும்பின் புது முறிவு ஆறத் தொடங்கும்போதுதான் படத்தில் தெளியும். அந்த இரண்டாவது எக்ஸ்ரேதான் விட்டுப்போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி போட்டு, குடும்பத்தின் இரண்டு செல் நம்பர்களை வாங்கி, அந்தப் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டால் திரும்பி வரும் வாய்ப்பு கூடும்.

"நைனா" என்றால் "நைனா" என்றே

கேட்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. கூட வந்தவரிடம் தனியாக, பேசக்கூடிய வயதுக் குழந்தையிடம் தனியாக. சாத்தியமானால் இரண்டு பெரியவர்களிடமும் வெவ்வேறாக. இரண்டு கூற்றும் மாறினால் இரண்டையும் எழுத வேண்டும், எது உண்மை என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. "எப்படி நடந்துச்சு, நீங்க அப்ப எங்க இருந்தீங்க, யாரு முதல்ல பார்த்தாங்க" என்ற மூன்று கேள்விகளுக்கே பெரும்பாலும் தேவையானது கிடைத்துவிடும். தாயும் அடி வாங்குபவராக இருக்கலாம். அவரைக் கணவர் முன்னால் கேட்டால் பொய்தான் வரும். முகத்தைக் கழுவச் சொல்லி நடையோரக் குழாய்க்கு அழைத்துப் போகும் நேரத்தில் கேட்கலாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணை அப்போது வாய்மொழியாகச் சொல்லலாம். சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது வீட்டில் அகப்பட்டு இன்னொரு அடியாக முடியக்கூடும்.

குழந்தையிடம் "அப்பா அடிச்சாரா?" என்று கேட்கவே கூடாது. ஆம் என்று தலையாட்டினால் அது கேள்வியின் சொல், குழந்தையின் சொல் அல்ல. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். "என்ன ஆச்சு கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். "அப்புறம்?" என்பதைத் தவிர வேறு எதுவும் சேர்க்காமல் ஒரு நிமிட மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது பரபரப்பான வார்டில் கடினமான காரியம். ஆனால் குழந்தை பேசுவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான்.

நான்கு வயதுப் பையன் ஒருவன், "நைனா தண்ணில உக்கார வெச்சாரு" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் ஷீட்டில் "தந்தை வெந்நீரில் உட்கார வைத்ததாகக் குழந்தை கூறியது" என்று எழுதினால் அழகான தமிழ், ஆனால் பிழை. அந்த வீட்டில் நைனா என்று அவன் கூப்பிடுவது அப்பாவையா, தாத்தாவையா, அம்மாவோடு இருக்கும் வேறொருவரையா என்பது செவிலியருக்குத் தெரியாது. "மாமா" என்ற சொல்லும் அப்படித்தான், வட சென்னையில் ஒரு தெருவுக்கே மாமாக்கள் உண்டு. எனவே மேற்கோள் குறிக்குள் குழந்தையின் சொல், அதன் கீழே தான் கேட்ட கேள்வி, நேரம், கூட யார் இருந்தார்கள் என்பது. உடம்பின் உறுப்புகளுக்குக் குழந்தை வைத்திருக்கும் பெயரும் அப்படியே போக வேண்டும். "உச்சா போற இடம்" என்றால் அதுதான். எந்த இடம் என்று தெளிவில்லாவிட்டால் பொம்மையிலோ வரைந்த படத்திலோ காட்டச் சொல்லலாம், மருத்துவப் பெயரை வாயில் திணிக்கக் கூடாது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது இன்னொரு நல்லெண்ணப் பிழை. அந்த வாக்கை ஒரு மணி நேரத்தில் மீற வேண்டி வரும். தன்னை ஏமாற்றிய பெரியவர்கள் வரிசையில் சிஸ்டரும் சேர்ந்துவிடுவார். "நீ சொன்னது நல்லது பாப்பா. உன் மேல தப்பே இல்ல. உன்னைப் பத்திரமா பாத்துக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பது போதும். முதல்முறை போதுமான அளவு சொல்லிவிட்ட குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. ஓ.பி.யில் ஒருமுறை, டியூட்டி டாக்டரிடம் ஒருமுறை, அவுட்போஸ்ட் போலீஸிடம் ஒருமுறை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் ஒருமுறை, நீதிபதியிடம் ஒருமுறை என்று ஒரே கொடுமையைச் சொல்லிச் சொல்லி அந்தக் குழந்தை ஓய்ந்துபோகும், அல்லது மாற்றிச் சொல்லும். செவிலியர் எழுதியது தெளிவாக இருந்தால் அடுத்தவர் அதைப் படித்துவிட்டு மேலே போகலாம். அதை அவர்கள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியதும் அவர்தான்.

எழுதும்போது அளவு சென்டிமீட்டரில், இடம் உடலின் இரண்டு பக்கப் படத்தில், புகைப்படம் என்றால் அளவுகோல் பக்கத்தில் வைத்து. அதுவும் மருத்துவமனையின் கேமராவில், அனுமதி பெற்று. சொந்த செல்போனில் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவது கருத்துக் கேட்கும் எண்ணத்தில் நடப்பதுதான். ஆனால் பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவதற்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை உண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இதையே தடுக்கிறது. குழுவில் போன படம் எந்த நேரத்தில் எந்த யூடியூப் சேனலுக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. "கீழே விழுந்து அடிபட்டது" என்று எழுதுவதற்கும் "கீழே விழுந்ததாகத் தாய் கூறுகிறார்" என்று எழுதுவதற்கும் இரண்டு சொற்கள்தான் வித்தியாசம். முன்னதை எழுதினால் குற்றம் செய்தவருக்கான சாட்சியத்தை மருத்துவமனையே தயாரித்துக் கொடுத்ததாகிவிடும்.

யாரிடம், எவ்வளவு நேரத்தில்

போக்சோ சட்டம் 2012இல் வந்தது. 18 வயது நிரம்பாத எவரும், ஆணோ பெண்ணோ, அதன்படி குழந்தை. 19ஆம் பிரிவு தெளிவானது: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். தராவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பாலியல் அல்லாத துன்புறுத்தலுக்குப் பாதை வேறு. அடி, சூடு, பட்டினி போடுதல், கைவிடுதல் எல்லாம் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவில் கொடுமையாக வருகின்றன. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையைக் குழுவின் முன் யார் கொண்டு வரலாம் என்று 31ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. அதில் செவிலியர் என்ற சொல் பெயர் சொல்லியே இருக்கிறது. இது பல செவிலியருக்கே தெரியாது. மருத்துவர் ஆணையிட்டால்தான் பேசலாம் என்ற பழக்கத்துக்கு இங்கே சட்ட ஆதாரம் இல்லை.

நடைமுறையில் டியூட்டி டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், ஏற்ற வேண்டும். மருத்துவ-சட்ட வழக்கு என்று முத்திரை விழ வேண்டும். காவல்துறைக்கு இன்டிமேஷன் எழுத்தில் போக வேண்டும், பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் நேரமும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பு. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். டாக்டர் "வேண்டாம் சிஸ்டர், குடும்ப விஷயம்" என்று சொன்னால் வார்டு பொறுப்புச் செவிலியர், அதற்கு மேல் செவிலியர் கண்காணிப்பாளர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர் என்று ஏறலாம். ஏறிய நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். பாலியல் குற்றம் என்றால் அந்த ஏணிகூடத் தேவையில்லை, சட்டம் ஒவ்வொரு நபர்மீதும் நேரடியாகக் கடமையை வைத்திருக்கிறது.

நேரக் கணக்கில் ஒரு நுட்பம். குழந்தை கட்டிலில் பாதுகாப்பாக இருப்பது உறுதியாகும் முன் "போலீஸுக்குச் சொல்லிட்டோம்" என்று குடும்பத்திடம் சொன்னால், அரை மணி நேரத்தில் கட்டில் காலியாகிவிடும். சொல்லாமல் தூக்கிப்போன குழந்தையை மறுபடி அந்தச் சந்துகளில் தேடுவது லேசான வேலை அல்ல. ஆகவே முதலில் அட்மிஷன், செவிலியர் மேசைக்கு எதிரே உள்ள கட்டில், வாசல் காவலாளிக்குச் சொல்லி வைத்தல். பிறகு குடும்பத்திடம் மறைக்காமல் பேச்சு: "இந்த மாதிரி காயம் வந்தா நாங்க எல்லாருக்கும் எழுதியே ஆகணும்மா. உங்களை மட்டும் இல்ல." இது உண்மையும்கூட.

பாலியல் துன்புறுத்தல் சந்தேகம் இருந்தால் பரிவே சான்றை அழித்துவிடக்கூடும். அழுக்காக வந்த குழந்தையைக் குளிப்பாட்டி உடை மாற்றத்தான் எந்தக் கையும் துடிக்கும். பரிசோதனை முடியும்வரை அது கூடாது. சிறுநீர் கழித்தபின் துடைக்கவும் கூடாது. முடிந்தவரை பரிசோதனைக்குப் பிறகு சாப்பாடு, அல்லது வாயில் எடுக்க வேண்டிய மாதிரியை முதலில் எடுத்துவிட்டுப் பால் கொடுக்கலாம். வீட்டிலேயே உடை மாற்றி வந்திருந்தால் பழைய உடையைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துணியையும் நிழலில் காய வைத்துத் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகிவிடும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டி 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கச் சொல்கிறது. "மூணு நாள் ஆயிடுச்சு, இனி ஒண்ணும் இருக்காது" என்று திருப்பி அனுப்புவது தவறு. 96 மணி நேரம் கடந்திருந்தாலும் காயமும் சிகிச்சையும் இருக்கின்றன.

எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம், போலீஸ் கடிதம் கேட்டுக் காக்க வைக்கக் கூடாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 397ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும், அப்படி யாரும் இல்லாவிட்டால் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் ஒரு பெண். அந்தப் பெண் பெரும்பாலும் செவிலியராகத்தான் இருப்பார். 12 வயதைக் கடந்த குழந்தையின் சம்மதத்தைக் குழந்தையிடமே கேட்க வேண்டும் என்பது அதே 2014 வழிகாட்டி. மறுத்தால் பிடித்துக் கட்டாயப்படுத்தக் கூடாது. மறுப்பை எழுதிவிட்டுச் சிகிச்சையைத் தொடர வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை எந்தக் காரணத்துக்கும் கிடையாது, 2022இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் கடுமையாகச் சொல்லிவிட்டது.

மருந்தில் தாமதம் ஆகக் கூடாதது எச்.ஐ.வி. தடுப்பு. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கி, 28 நாள் கொடுக்க வேண்டும். மாதவிலக்குத் தொடங்கிய சிறுமிக்குக் கருத்தடை அவசர மாத்திரை, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஊசி. 28 நாள் மாத்திரையில் பத்தாவது நாளில் வாந்தி தாங்காமல் நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருமுறை போன் செய்து, சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கச் சொல்லும் செவிலியர் இருந்தால் அந்தக் கோர்ஸ் முடியும்.

வயிற்றோடு வரும் பள்ளிப் பெண்

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருப்பதால் வட சென்னைச் செவிலியருக்கு இந்தச் சங்கடம் பழக்கமானது. 16 வயது, கழுத்தில் தாலி, "18 ஆயிடுச்சு" என்று கூட வந்த அத்தை சொல்வார். ஆதாரில் பார்த்தால் கணக்கு வேறு. கர்ப்பப் பதிவுக்கு வயதை எழுதும் இடத்தில் செவிலியரின் பேனா நின்றுவிடும். சட்டப்படி தகவல் தர வேண்டும். தந்தால் அந்தப் பெண் அடுத்த செக்கப்புக்கு வராமல் வீட்டிலோ எங்கோ தனியார் கிளினிக்கிலோ பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சிக்கல் மெய்யானது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வயதை மாற்றி எழுதுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் உதவி அல்ல. 14 வயதுப் பெண்ணைக் கட்டாயப்படுத்தியவனும் அதே பொய்க்குப் பின்னால்தான் ஒளிகிறான்.

கருக்கலைப்பு வேண்டும் என்றால் வழி இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஒரு வரியைத் தனியறையில் அந்தப் பெண்ணிடம் சொல்வதற்காகவே செவிலியர் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். வழக்கு நடக்கிற கேஸில், கலைந்த கருத்திசு டி.என்.ஏ. சான்று. அதை வழக்கம்போல ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் சான்று கெட்டுவிடும். சாதாரண உப்புநீரில் வைத்துக் குளிரில் வைக்க வேண்டும், முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

வார்டில் இருக்கும் நாட்கள்

அடிபட்ட குழந்தைக்கு எல்லாத் தொடுதலும் எச்சரிக்கை மணி. இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றும் முன் "கையை இறுக்கும், பிறகு விட்டுடும்" என்று சொல்லி, முதலில் பொம்மைக்கோ தன் கைக்கோ சுற்றிக் காட்டலாம். "போதும்" என்று குழந்தை சொன்னால் நிறுத்துவேன் என்று ஒப்பந்தம் செய்து, ஒரு முறையாவது உண்மையாகவே நிறுத்த வேண்டும். அந்த ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு கட்டு மாற்றுவது எளிதாகும். கட்டு மாற்ற அதே செவிலியர் வருவது முடிந்த அளவு நடக்க வேண்டும். மூன்று ஷிஃப்ட் கொண்ட வார்டில் அது முழுதாக முடியாது. ஆகவே ஒப்படைப்பின்போது "எந்தப் பக்கம் படுத்தால் பயப்படுகிறான், யார் வந்தால் அழுகிறான்" என்பதையும் சொல்ல வேண்டும். யார் வந்தால் அழுகிறான் என்பது கேஸ் ஷீட்டுக்கும் போக வேண்டிய தகவல். பார்வை நேரத்தில் உறவினர் வந்ததும் குழந்தை சாப்பாட்டை நிறுத்திவிட்டால், நேரத்தோடும் பெயரோடும் எழுத வேண்டும்.

கவனிப்பின்மை இதைவிட மெதுவாக வெளிப்படும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் புயத்தின் நடுப்பகுதி சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டக் குறைவு. அது வறுமையா, நோயா, கவனிக்காமல் விட்டதா என்று வார்டே காட்டும். மூன்று வேளை பாலும் சத்துக் கஞ்சியும் கொடுத்ததும் எடை கிடுகிடுவென ஏறினால், வீட்டில் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று பொருள். அங்கேயும் அவசரப்படக் கூடாது. ரேஷன் கார்டு இல்லாத குடும்பத்துக்குத் தேவை கார்டு, காவல் நிலையம் அல்ல. வலிப்பு மாத்திரையும் காசநோய் மாத்திரையும் இலவசமாகக் கிடைத்தும் மாதக்கணக்கில் வாங்கப்படவில்லை என்றால் அது வேறு கணக்கு.

சில குழந்தைகள் கெல்லீஸிலோ ராயபுரத்திலோ உள்ள அரசு இல்லத்துக்கு அனுப்பப்படுவார்கள். அப்போது மருந்துச் சீட்டோடு கூடவே, குழந்தை இரவில் படுக்கையை நனைக்கிறதா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறது, எதைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் அங்குள்ள பணியாளருக்கு முதல் வாரம் எளிதாகும். போக்சோ வழக்காக இருந்தால் குழந்தைகள் நலக் குழு குழந்தைக்கு, வழக்கில் கூட இருந்து உதவும் ஒரு துணை நபரை நியமிக்கலாம். அவர் பெயரும் எண்ணும் கேஸ் ஷீட்டில் இருந்தால் அடுத்த ஓ.பி. வருகைக்கு அவரைக் கூப்பிட முடியும்.

அடி விழும் முன்பே செய்யக்கூடியதும் செவிலியர் கையில்தான் இருக்கிறது. கைக்குழந்தையின் அழுகை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம் தொடும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அடுத்த தவணை சரியாக ஆறாவது வாரம். தூக்கமில்லாத தாய், எரிச்சலில் இருக்கும் தந்தை, ஊசி போட்டு இன்னும் அதிகமாக அழப்போகும் குழந்தை, மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஊசி போட்டபின் கண்காணிப்புக்காக அரை மணி நேரம் உட்கார வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தில் மூன்று விஷயம் சொன்னால் போதும். இந்த அழுகை நோயல்ல, சில வாரத்தில் தானாகக் குறையும். பசி, ஈரம், காய்ச்சல் மூன்றையும் பார்த்த பிறகும் நிற்காவிட்டால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வரலாம், அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு கோபம் வந்தாலும் பிடித்து உலுக்கக் கூடாது. இதைத் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. வாசலில் பைக்கில் சாய்ந்து நிற்கும் தந்தையை "உள்ள வாங்கண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.